சொந்த மைதானத்தின் அமைதி

டொலீடோ, ஒஹையோ
1998 டிசம்பர் 8

ஒடெல்,

கால் எப்படி இருக்கிறது? முழங்காலைத் திறந்து என்னவெல்லாமோ செய்தார்களாமே. வலிக்கிறதா என்று கேட்கமாட்டேன். வலிக்காமல் எப்படி இருக்கும்.

நான் கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. ரசிகர்களுக்கு அந்த முட்டை வடிவ ஃபுட்பாலின் மேல் கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. போனில் பேசினால் உன் யுலாலி நடுவில் பிடுங்கிக்கொண்டு, "என் புருஷன் கால ஒடச்சு அனுப்பிட்டு நீங்கல்லாம் நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் எழுத்து.

நீ இல்லாத முதல் ஆட்டம் ஒமாஹாவில். முப்பத்தொன்றுக்கு ஆறு. பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்றும் ஜெயம். அந்த ஊர்க் கூட்டம் போட்ட சத்தத்தில் என் பல் ஆடியது. முன்வரிசையில் என் வலப்பக்கம், உன் இடத்தில், இப்போது லோவல் டைஸ் நிற்கிறான். ஐந்து அணி மாறி வந்தவன். யாரிடமும் பேசுவதில்லை. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறான். ஆனால் வேலை தெரிந்தவன். அவன் திரும்பி க்வார்ட்டர்பேக் ட்ரெவர் காட்டும் சைகையைப் பார்த்து என் தொடையில் தட்டினான், நான் குனிந்தபடியே கால் இடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் ட்ரெவர் கைக்குக் கொடுத்தேன். ஒரு பிசகும் இல்லை. உன் அலமாரியில் அவன் தன் செருப்பை வைத்தான். நான் எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி வைத்தான். இதற்கு மேல் உனக்காகச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

இந்த ஊருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. கண்ணாடித் தொழிற்சாலை வாசலில் நம் பைலட்ஸ் அணியின் பச்சைக் கொடி. பாதிரியார் பிரசங்கத்தில் ட்ரெவர் ஹேல் எறிந்த பந்துகளைப் பற்றிப் பேசுகிறார். மளிகைக் கடையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "இந்த வருசம் விட்டா நம்மளுக்கு எப்பவும் இல்லப்பா" என்றாள். சரிம்மா என்றேன்.

ஜெயிக்கிறோம், ஜெயிக்கிறோம், ஆனால் திங்கட்கிழமை காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. தோற்ற வருஷங்களில்கூட இவ்வளவு அசதி இருந்ததில்லை. தோற்றால் அந்த ஞாயிறோடு முடிந்துபோகும். ஜெயித்தால் அடுத்த ஞாயிறும் வேண்டும் என்கிறார்கள்.

பதில் எழுது. போன் வேண்டாம்.

வெஸ்


ஓப்பலூசஸ், லூசியானா
டிசம்பர் 12

மாண்புமிகு வெஸ்லி ஸ்ட்ரோபெல் அவர்களுக்கு, கால் போன ஒடெல் ப்ரூசார் எழுதிக்கொள்வது:

உன் கடிதத்தை யுலாலிதான் வாசித்துக் காட்டினாள். தன்னைப் பற்றிய வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். "வரட்டும், அவன் குடிக்கற இறால் கொழம்புல மொளகாப்பொடிய டப்பாவோட கவுக்கறேன்" என்கிறாள். உனக்கு அவள் எவ்வளவு பிரியமாக இருக்கிறாள் பார்.

நான் கட்டிலில் கிடக்கிறேன். இடுப்பு வரை கட்டு. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. வருகிறவர்கள் எல்லாம் எனக்கென்று பலகாரம் கொண்டுவந்து, எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து அவர்களே தின்றுவிட்டுப் போகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போன் வேண்டாம் என்பதற்குக் காரணம் யுலாலி இல்லை. என்னிடமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயே. போன வாரம் போனில் நான் தையல் பிரிப்பதைப் பற்றிப் பேசினேன், நீ பாட்டுக்கு "ஆமா ஆமா, இங்கயும் பனிதான்" என்றாய். உன் வலது காது போய் மூன்று வருஷம் ஆகிறது. இடது காதில் பாதி மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் போய்க்கொண்டிருக்கிறது, இல்லையா?

வெளியூர் மைதானத்தில் உனக்கு ஒரு குறையும் இல்லை. எதிர்க் கூட்டம் கத்துகிற கத்தலில் ட்ரெவர் குரல் யாருக்குமே கேட்காது. அங்கே பக்கத்தில் நிற்பவன் தட்டித்தான் நீ பந்தைக் கொடுத்தாக வேண்டும். உலகத்தில் எல்லா அணியும் அப்படித்தான் செய்கிறது. நம் ஊர்தான் உனக்கு ஆபத்து. நம் ஜனங்கள் ஒழுங்கானவர்கள். பந்து எதிரி கையில் இருந்தால் வானம் பிளக்கக் கத்துவார்கள். நம் கைக்கு வந்தால், க்வார்ட்டர்பேக் பந்துக்குக் கூப்பிடுவது உங்களுக்குக் கேட்கட்டும் என்று, பூசை நேரத்துத் தேவாலயம் மாதிரி அடங்கிப்போவார்கள். குரல் கேட்கும்போது தட்ட வேண்டிய அவசியம் என்ன? ஆனாலும் மூன்று வருஷமாக அந்த அமைதியில், ஒவ்வொரு தடவையும், யார் கண்ணிலும் படாமல் உன் தொடையில் விரல் முட்டியால் தட்டியது யார்? டைஸ் தட்டமாட்டான். தட்ட வேண்டும் என்றே அவனுக்குத் தெரியாது.

அவனிடம் சொல்லிவிடு. உன் கௌரவத்தில் ஒரு துளி குறையாது. செவிடன் காதில் ஊதிய சங்காக இதை விட்டுவிடாதே. நீ செவிடன்தான், ஆனால் இது எழுத்து.

ஒடெல்


டொலீடோ
டிசம்பர் 17

ஒடெல்,

ஸ்போக்கேன் அணியோடு நம் ஊரில் ஆடினோம். இருபத்தெட்டுக்குப் பத்து. நீ பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை.

ட்ரெவர் என்னை ஒட்டி நின்று கையை எனக்குக் கீழே வைத்தால் எனக்குக் காதே தேவையில்லை. கை அழுந்தும், கொடுத்துவிடுவேன். அவன் ஐந்து கஜம் பின்னால் தள்ளி நிற்கும்போதுதான் சிக்கல். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கால் இடுக்கு வழியாகத் தலைகீழாக அவன் காலைப் பார்க்கிறேன். கூப்பிடுவதற்கு முன்னால் இடது குதிகாலைக் கொஞ்சம் தூக்குகிறான். அவனுக்கே அது தெரியாது. இரண்டு தடவை தாமதமானது. யாரும் கவனிக்கவில்லை.

டைஸிடம் சொல்ல முடியாது. அவனை எனக்குத் தெரியாது. அவன் பயிற்சியாளர் க்ரன்வல்டிடம் சொன்னால் அவர் என்னை உட்கார வைத்துவிடுவார். முப்பத்துநாலு வயதில் உட்கார்ந்தவன் எழுந்து வந்ததை நீ பார்த்திருக்கிறாயா? எனக்குப் பதிலாக இருப்பவன் பில்சன், கல்லூரியிலிருந்து நேற்று வந்தவன். பயிற்சியில் இரண்டு தடவை ட்ரெவர் தலைக்கு மேல் பந்தை அனுப்பினான். தோற்றால் வெளியே என்கிற பிளேஆஃபை அவனை வைத்துக்கொண்டு ஆடச் சொல்கிறாயா?

இன்னும் மூன்று நான்கு ஆட்டம்தான். அதற்கப்புறம் நானே டாக்டரிடம் போகிறேன். வீட்டில் மார்லாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவள் முன்பு மாதிரிச் சண்டை போடுவதில்லை. பேச வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போகிறாள். எனக்கு அது சௌகரியமாக இருக்கிறது. சௌகரியமாக இருப்பதுதான் சங்கடமாக இருக்கிறது.

வெஸ்


ஓப்பலூசஸ்
டிசம்பர் 22

வெஸ்,

ஞாயிற்றுக்கிழமை பர்மிங்ஹாமில் நீங்கள் தோற்றதை டிவியில் பார்த்தேன். அது உன்னால் இல்லை. யானைக்கும் அடி சறுக்கும், ஒரு தோல்வியால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. நான் சொல்ல வருவது ஸ்போக்கேன் ஆட்டத்தைப் பற்றி. யாரும் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். வர்ணனையாளர் கவனித்தார். "ட்ரெவர் ஹேல் முடிவெடுக்கத் தயங்குகிறார், பழைய வேகம் இல்லை" என்றார். நீ தாமதம் செய்தாய், கெட்ட பேர் அவனுக்குப் போனது.

கடைசி ஆட்டத்தில் உங்களை எல்லாம் உட்கார வைத்து இரண்டாம் வரிசையை ஆடவிடப் போகிறார்களாம். அப்புறம் ஒரு வாரம் ஓய்வு. அப்புறம் வருவது நம் ஊரில், அதற்கடுத்ததும் நம் ஊரில். ஜெயித்த ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கிற பரிசு அது. ஊர் அதற்காகக் கூத்தாடுகிறது. நீங்கள் கொஞ்சம் மோசமாக ஆடியிருந்தால் வெளியூருக்குப் போயிருப்பீர்கள். அங்கே எல்லோரும் கத்துவார்கள், டைஸ் தட்டுவான், நீ பிழைத்திருப்பாய்.

நான் உத்தமன் இல்லை. பதினோரு வருஷம் ஆடியாயிற்று, என் முழங்கால் இனி ஓடாது. அணி சாம்பியன் ஆனால் கட்டிலில் கிடக்கிற எனக்கும் ஒரு மோதிரம் வரும். அந்த ஆசையில்தான் இத்தனை நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். யுலாலி கேட்டாள், "மோதரம் உன் வெரலுக்கா, அவன் காதுக்கா?" என்று.

புது வருஷம் பிறப்பதற்குள் டைஸிடமாவது க்ரன்வல்டிடமாவது சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் போன் போடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டாலும் சரி.

கிறிஸ்துமஸ் வாழ்த்து மார்லாவுக்கு மட்டும்.

ஒடெல்


டொலீடோ
டிசம்பர் 28

ஒடெல்,

உன் கடிதத்தை மார்லாவிடம் காட்டினேன். "அவன் சொல்றதுல என்ன தப்பு?" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது.

நேற்று பெஞ்சில் உட்கார்ந்து கடைசி ஆட்டத்தைப் பார்த்தேன். பில்சன் ஆடினான். ஜெயித்தோம். பதினைந்து ஜெயம், ஒரு தோல்வி. ஊர் வரலாற்றில் இல்லை என்கிறார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், நானும் நின்றேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது ஒன்று தோன்றியது: இதுதான் நான் இனி இருக்கப்போகிற இடம். அதற்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதை உனக்கு விளக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

உன் கால் உடைந்ததும் என் காது ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிட்டதா? க்ரன்வல்டிடம் சொல். சொன்ன அன்றோடு நமக்குள் அவ்வளவுதான். நான் எழுதமாட்டேன், நீயும் எழுத வேண்டாம்.

வெஸ்


ஓப்பலூசஸ்
1999 ஜனவரி 4

வெஸ்,

சரி. க்ரன்வல்டுக்குப் போன் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன். நீ கேட்டபடியே.

பத்தாம் தேதி ஆட்டத்தை இங்கே எங்கள் தெருவே சேர்ந்து பார்க்கப் போகிறது. எங்கள் பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் டொலீடோவுக்கும் ஒரு வரி சேர்த்திருக்கிறார், ஊர்ப் பேரைத் தப்பாகச் சொன்னாலும்.

டைஸ் நல்லவன்தான் என்று நினைக்கிறேன். மூஞ்சிதான் சரியில்லை.

வேறு எழுத ஒன்றும் தோன்றவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒடெல்


டொலீடோ
ஜனவரி 14

ஒடெல்,

எழுத வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். இப்போது எழுதுவதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

நீ பார்த்திருப்பாய். பார்த்தது பாதிதான்.

சான் அந்தோனியோ தட்டுத்தடுமாறி பிளேஆஃபுக்குள் வந்த அணி. அவர்களுக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒரு வார ஓய்வு, அதற்கு முந்தின வாரம் பெஞ்ச். கால்கள் ஆட்டத்தை மறந்துவிட்டன. முதல் பாதி முழுக்க எல்லோரும் ஒரு கணம் பிந்தியே ஓடினோம். கடைசியில் இருபதுக்குப் பதினாறு, நாங்கள் பின்னால். பந்து எங்களிடம். கோட்டுக்கு மூன்று கஜம். இருக்கிற நாலு முயற்சியில் நாலாவது, கடைசி நிமிஷம். தாண்டிவிட்டால் ஜெயம்.

க்ரன்வல்ட் ட்ரெவரைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். ட்ரெவர் இரண்டு கையையும் உயர்த்திக் கூட்டத்தை அமர்த்தினான். அவர்கள் அடங்கினார்கள். அப்படி ஓர் அமைதியை நீயும் அங்கே பார்த்திருக்கமாட்டாய். ஜனங்களின் வாயிலிருந்து ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு உதவி செய்கிறோம் என்று அறுபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முந்தின மோதலில் இடது பக்கம் ஒரு இடி வாங்கியிருந்தேன். காதில் ஒரு ரீங்காரம், வேறு ஒன்றும் இல்லை. குனிந்து கால் இடுக்கில் பார்த்தேன். காற்று தரையிலிருந்த பனித்தூளைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ட்ரெவரின் குதிகால் தெரியவில்லை. கூப்பிட்டானா, இன்னும் இல்லையா, தெரியவில்லை. சத்தத்தில் எல்லோரும் செவிடு, ஒடெல். அந்த அமைதியில் நான் ஒருவன்தான் செவிடு.

அப்போது டைஸின் விரல் என் தொடையில் இரண்டு தடவை பட்டது. அவனுக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். நடுங்குகிறவனை நம்பிப் பந்தைக் கொடுத்து, ட்ரெவர் தயாராக இல்லாவிட்டால்? காத்திருந்தேன். விசிலும் கேட்கவில்லை. நடுவர் எறிந்த மஞ்சள் துணி விழுந்ததைத்தான் பார்த்தேன். நேரம் கடத்திய குற்றம், ஐந்து கஜம் பின்னால். மூன்று கஜம் எட்டானது. அதே நாலாவது முயற்சியில் மறுபடி ட்ரெவர் எறிந்த பந்து யார் கைக்கும் எட்டாமல் விழுந்தது. பதினைந்து ஜெயமும் அதோடு போயிற்று.

உடை மாற்றும் அறையில் ட்ரெவர் என் முன்னால் வந்து குந்தினான். நான் உதட்டைப் பார்த்தேன்.

"மூணு தடவ கத்தினேன், வெஸ். கேக்கலியா?"

"கூட்டம் ஒரே சத்தம்" என்றேன்.

"எந்தக் கூட்டம்?" என்றான்.

எழுந்து போய்ப் பத்திரிகைக்காரர்களிடம், "தப்பு என்னோடதுதான், கடிகாரத்தப் பாக்கல" என்று சொல்லிவிட்டான். நேரம் கடந்தால் பழி க்வார்ட்டர்பேக்குக்குத்தானே. மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் அவன் உறைந்துபோனான் என்று போட்டிருந்தார்கள். அவன் வீட்டுச் சுவரில் முட்டை எறிந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை எல்லோரும் கறுப்புக் குப்பைப் பைகளில் அவரவர் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். டைஸ் என்னிடம் ஏதோ சொல்ல வந்து வாயைத் திறந்தான், அப்புறம் மூடிக்கொண்டு போய்விட்டான். உன் அலமாரியில் அவன் செருப்பு இன்னும் கிடக்கிறது. எனக்கு உடம்பு முழுக்க ஈயம் ஊற்றிய மாதிரி இருக்கிறது. தூங்கி எழுந்தாலும் போகவில்லை.

வெஸ்


ஓப்பலூசஸ்
ஜனவரி 20

வெஸ்,

இந்தக் கடிதத்தை யுலாலி எழுதித் தர மறுத்துவிட்டாள். "நீயே செஞ்ச, நீயே எழுது" என்கிறாள். அதனால் என் கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

டைஸுக்குக் கை நடுங்கவில்லை. நான்தான் தட்டச் சொன்னேன்.

க்ரன்வல்டுக்குப் போன் செய்யவில்லை என்று எழுதினேன். அது பொய் இல்லை. டைஸுக்குச் செய்தேன். ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால். "வெஸ் அசையாம நின்னான்னா மட்டும் தொடைல ரெண்டு தட்டு. ஏன்னு கேக்காத. அவன்கிட்டயும் சொல்லாத, அவனுக்கு ரோசம் ஜாஸ்தி" என்றேன். "கேக்கல" என்றான். அவ்வளவுதான் பேச்சு. நான் எதிர்பார்த்ததைவிட நல்லவன். ஆட்டம் முடிந்த அன்று போன் செய்து, "நான் தட்டினேன். சத்தியமா தட்டினேன்" என்றான். அழுதான் போல.

இங்கே தெருவே கூடியிருந்தது. நீ அசையாமல் நின்றதைப் பார்த்தேன். டைஸின் விரல் அசைந்ததை எங்கள் பழைய டிவியில்கூடப் பார்த்தேன். "தட்டிட்டான்" என்று நான் கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. நீ கொடுப்பாய் என்று நம்பினேன். நீ கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பாய்? அவனுக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாதே. மூன்று வருஷம் என் விரலுக்கு நீ யோசிக்காமல் பந்தைக் கொடுத்தாய், ஏனென்றால் அது என் விரல்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உறவு முறிந்தது என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு நீயும் வேண்டும், மோதிரமும் வேண்டும். இரண்டையும் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடைத்தது நீ மட்டும் இல்லை.

திட்ட வேண்டுமானால் திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

ஒடெல்


டொலீடோ
பிப்ரவரி 5

ஒடெல்,

எழுதி எழுதிக் கிழித்தேன். இது எத்தனையாவது என்று தெரியாது.

நீ க்ரன்வல்டிடம் சொல்லியிருந்தால் உன்னை வெறுத்திருப்பேன், ஒருவேளை அணி ஜெயித்திருக்கும். என்னிடம் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், அப்போதும் ஒருவேளை ஜெயித்திருக்கும். நீ இரண்டுக்கும் நடுவில் புகுந்தாய். அதற்குக் காரணம் நான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

டாக்டரிடம் போனேன். வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதுக்கு ஒரு கருவி மாட்டியிருக்கிறார்கள். மார்லாதான் கார் ஓட்டினாள். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் அதைத் தெரிந்துகொண்டு, குழாயை மூடாமல் அப்படியே நின்றாள்.

மறுநாள் மளிகைக் கடைக்குப் போனேன். கருவி வழியாக வெளி ஜனங்கள் பேசி நான் தெளிவாகக் கேட்ட முதல் பேச்சு இது: "அந்த ட்ரெவர் பய மூள ஒறஞ்சு போயி நின்னான். அவனத் தொரத்தினாத்தான் இந்த ஊரு உருப்படும்." பேசினவன் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, "ஒங்களச் சொல்லலங்க. நீங்கல்லாம் ஒழைக்கறவங்க" என்றான். ட்ரெவரின் மகளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். பிள்ளைகள் அவளை 'ஒறஞ்சவன் பொண்ணு' என்கிறார்களாம்.

பாலை அங்கேயே வைத்துவிட்டு நேரே ரேடியோ நிலையத்துக்குப் போனேன். மத்தியானம் ரசிகர்கள் போன் செய்து திட்டுகிற நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காது, அமைதி, ட்ரெவர் மூன்று தடவை கூப்பிட்டது, எல்லாம். உன் பேரையும் டைஸ் பேரையும் விட்டுவிட்டேன். நிகழ்ச்சி நடத்துகிறவன் கண் கலங்கிப்போய் என்ன சொன்னான் தெரியுமா? "பாத்துக்கங்க நேயர்களே, இவன்தான் முன்வரிசக்காரன். தன் க்வார்ட்டர்பேக்கக் காப்பாத்த இல்லாத செவிட்டையும் இழுத்துப் போட்டுக்கறான்." ஒரு அம்மா போன் செய்து எனக்காக ஜெபம் செய்வதாகச் சொன்னாள். இன்னொருவன், "பன்னெண்டு வருசமா ஒரு தப்பும் பண்ணாத மனுசன் செவிடாம், யாருகிட்ட கத விடுற?" என்று சிரித்தான். காதிலிருந்த கருவியை எடுத்துக் காட்டினேன். ரேடியோவில் யாருக்குத் தெரியும்.

அங்கிருந்து ட்ரெவர் வீட்டுக்குப் போனேன். ரேடியோவைக் கேட்டிருக்கிறான். உள்ளே வரச் சொல்லவில்லை. "ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருந்தீன்னா, வருசம் பூரா ஒன்னை ஒட்டியே நின்னிருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றான். கதவைச் சாத்தினான். அடித்துச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினான்.

இன்று காலை எழுந்து பார்த்தால் என் வீட்டு வாசல் பனியை யாரோ சுத்தமாகத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். ட்ரெவர் வீட்டு வாசலில் பனி அப்படியே கிடக்கிறது. நான் மண்வாரியை எடுத்துக்கொண்டு போய் அவன் வாசலைத் தள்ளினேன். அதையும் இரண்டு பேர் பார்த்துவிட்டு, "என்ன மனசு பாரு" என்று பேசிக்கொண்டு போனார்கள். கருவி நன்றாக வேலை செய்கிறது.

உண்மையைச் சொன்னால் நாலு பேர் காறித் துப்புவார்கள், கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவதற்கு இந்த ஊரில் ஆள் இல்லை, ஒடெல்.

வெஸ்


ஓப்பலூசஸ்
பிப்ரவரி 11

வெஸ்,

திட்டுவதற்குத்தான் ஆள் வேண்டுமென்றால் எங்கள் தெருவில் வரிசையில் நிற்கிறார்கள் என்று வேடிக்கையாக ஆரம்பித்தேன். தொடர வரவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

ட்ரெவருக்கு நேற்று நானே எழுதினேன். மூன்று வருஷம் நான் தட்டியது, டைஸிடம் சொன்னது, உன்னிடம் சொல்லாதது, எல்லாவற்றையும். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவன் ஒருவனுக்குத் தெரிந்தால் போதும். அவன் மன்னிப்பான் என்று எழுதவில்லை, மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு சமையலறை வரை போய் வருகிறேன். இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கையை நீட்டித் தொடும் தூரத்தில் அந்த மோதிரம் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதை நினைத்தால் எனக்கு உன் மேல் கோபம் வருகிறது. சாப்பிடும்போது வருகிறது, ஜெபம் செய்யும்போதுகூட வருகிறது. உனக்கும் என் மேல் இருக்கிறது, நீ எழுதாவிட்டாலும் தெரிகிறது. யுலாலிக்கு நம் இரண்டு பேர் மேலும்.

கோபம் தீர்ந்த பிறகு உன்னை இங்கே வரச் சொல்லலாம் என்று இருந்தேன். அது தீருகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் இப்போதே புறப்பட்டு வா.

ஒடெல்